விழுந்த கணக்கை வைத்துத் தாடையை எடைபோடலாமா? – குத்துச்சண்டை கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பழைய சாம்பியன்களில் யாருக்குத் தாடை கெட்டி (அதாவது குத்தைத் தாங்கும் திறன் அதிகம்), யாருக்கு இல்லை. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) சாம்பியன் ஜோ லூயிஸைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். ஷ்மெலிங், பிராடக், கலென்டோ, வால்காட் என்று ஆளாளுக்கு அவரைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார்களே? அவருக்குத் தாடை பலவீனம்தானே?

பதில்: நீங்கள் ஒருவரை விட்டுவிட்டீர்கள். 1941-இல் பட்டி பேயர் முதல் சுற்றிலேயே லூயிஸைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பினார். விழுந்தது எல்லாம் உண்மை. ஆனால் விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டாமா? 1937-இல் பிராடக் முதல் சுற்றில் தள்ளினார். 8-ஆம் சுற்றில் நாக்-அவுட் ஆனவர் பிராடக். 1939-இல் கலென்டோ 3-ஆம் சுற்றில் தள்ளினார். அடுத்த சுற்றிலேயே அவர் கதை முடிந்தது. வால்காட் 1947-இல் இரண்டு முறையும் 1948-இல் ஒரு முறையும் விழவைத்தார். முதல் சண்டையில் லூயிஸ் புள்ளிகளில் தப்பித்தார் (அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னும் உறுத்தல்தான்), இரண்டாவதில் 11-ஆம் சுற்றில் வால்காட்டைச் சாய்த்தார்.

லூயிஸின் தாடைக்கு நல்ல சாட்சி அவர் தோற்ற சண்டைதான். 1936 ஜூன் 19, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். லூயிஸுக்கு அப்போது 22 வயது. ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) அடித்துவிட்டு இடது கையைத் தாழ்த்திவிடும் பழக்கம் அவரிடம் இருந்தது. எதிராளி ஷ்மெலிங் அதை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருந்தார். 4-ஆம் சுற்றில் வலது கைக் குத்து ஒன்று விழுந்தது, லூயிஸும் விழுந்தார். அதற்கப்புறமும் அதே வலது கை அதே இடத்தில் மறுபடி மறுபடி இறங்கியது. அப்படியும் அவர் 12-ஆம் சுற்றில்தான் வீழ்ந்தார். தாடை பலவீனமான ஆள் ஆறாவது சுற்றைப் பார்த்திருக்க மாட்டார். கோளாறு அவருடைய இடது கையில் இருந்தது. கிட்டத்தட்ட 70 சண்டைகளில் அவர் நாக்-அவுட்டில் தோற்றது இரண்டே முறை. இரண்டாவது முறை 1951-இல், 37 வயதில், எதிரே நின்றவர் பின்னாளில் சாம்பியனான மார்சியானோ.

கேள்வி: அப்படியானால் பழைய படங்களைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் காலை. விழுந்தவர் எழுந்ததும் முழங்கால் நிற்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். அடுத்த அரை நிமிடம் என்ன செய்கிறார்? எதிராளியைக் கட்டிப்பிடித்து நேரம் கடத்தத் தெரிகிறவர் தப்பிக்கிறார், கோபத்தில் திருப்பி அடிக்கப் போகிறவர் மறுபடி விழுகிறார். அப்புறம், குத்து வருவதை அவர் பார்த்தாரா? பார்த்து வாங்கிய பெரிய குத்தைவிடப் பார்க்காமல் வாங்கிய சின்னக் குத்து மோசம். குத்தியவர் யார், வாங்கியவருக்கு அப்போது வயது என்ன, எடையைக் குறைக்க உடம்பில் நீர் வற்றும்படி பட்டினி கிடந்தாரா என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

1920-களுக்கு முந்தைய படங்கள் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. கையால் சுற்றிய கேமராவில் எடுத்ததை இன்றைய வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள், குத்தெல்லாம் வெறும் தட்டாகத் தெரியும். கிளவுஸோ 5, 6 அவுன்ஸ்தான். இன்று ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ். எதிராளி விழுந்தால் தள்ளிப் போய் மூலையில் நிற்கும் வழக்கமும் இல்லை. 1919-இல் வில்லார்ட் முதல் சுற்றில் ஏழு முறை விழுந்தார் என்று படிக்கும்போது, அவர் எழும் வரை எதிராளி டெம்ப்சி பக்கத்திலேயே நின்று, எழுந்தவுடன் அடித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 சண்டைகளில் ஒருமுறைகூட விழவில்லையாமே. அவர்தானே எல்லாரையும்விடக் கெட்டி?

பதில்: தாடையை மட்டும் கேட்டால் அவரை மிஞ்ச ஆள் தேடுவது சிரமம். முகமது அலியுடன் 1966-இல் 15 சுற்று, 1972-இல் 12 சுற்று நின்றார். ஆனால் 1967-இல் ஃபிரேசியரும் 1970-இல் ஃபோர்மனும் அவரை முடித்தார்கள். இரண்டு முறையும் அவர் நின்றபடியேதான் இருந்தார், சண்டைதான் நிறுத்தப்பட்டது. விழாமல் இருப்பதால் மட்டும் சண்டை கையில் வந்துவிடாது. சில நேரம் விழுந்துவிட்டால் எட்டு எண்ணும் வரையாவது ஓய்வு கிடைக்கும். சுவாலோவுக்கு அதுவும் கிடைக்கவில்லை, பாவம்.

கேள்வி: ஃபிளாய்ட் பேட்டர்சன்?

பதில்: தாடை சுமார், மனசு கெட்டி. 1959-இல் ஜோஹன்சன் ஒரே சுற்றில் ஏழு முறை விழவைத்தார். ஏழாவது முறைக்குப் பிறகு நடுவர்தான் நிறுத்தினார். அடுத்த ஆண்டே அவரை நாக்-அவுட் செய்து பட்டத்தைத் திரும்ப வாங்கினார் பேட்டர்சன். ஹெவிவெயிட்டில் இழந்த பட்டத்தை மீட்ட முதல் ஆள் அவர்தான். லிஸ்டனிடம் இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே போனதை வைத்துக் கேலி செய்கிறார்கள். தன்னைவிடப் பத்து கிலோவுக்கு மேல் கனமான, அதுவும் லிஸ்டன் மாதிரி ஒருவர் அடித்தால் பலருக்கும் அதே கதிதான்.

கேள்வி: ராய் ஜோன்ஸுக்குத் தாடையே இல்லை என்கிறான் என் நண்பன்.

பதில்: 35 வயது வரை அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அவரை யாரும் சரியாக அடிக்கவே இல்லை. ஹெவிவெயிட் வரை ஏறி மறுபடி இறங்கிய பிறகு, 2004-இல் டார்வர் அடித்தார். உங்கள் நண்பர் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

கேள்வி: விளாடிமிர் கிளிச்கோ பலவீனமான தாடையை வைத்துக்கொண்டு எப்படி அத்தனை ஆண்டு சாம்பியனாக இருந்தார்?

பதில்: அதை யாரும் தொடாதபடி பார்த்துக்கொண்டார். 2003-இல் சாண்டர்ஸ், 2004-இல் பிரூஸ்டர் இருவரும் அவரை முடித்த பிறகு, பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டின் வழியில் நீண்ட ஜாப், நெருங்கினால் கட்டிப்பிடி என்று ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். பார்க்க அலுப்பு, ஒத்துக்கொள்கிறேன். 2006 முதல் 2015 வரை பட்டம் அவரிடம் இருந்தது. ஆனால் 2005-இல் சாமுவேல் பீட்டர் மூன்று முறை தள்ளியும் எழுந்து 12 சுற்றும் ஆடி ஜெயித்தாரே, அது வெறும் தந்திரத்தால் வந்ததல்ல.

கேள்வி: கெட்டித் தாடை என்பது எலும்பின் பலமா? பயிற்சியால் வருமா?

பதில்: எலும்புக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. 1973-இல் கென் நார்டன் அலியின் தாடை எலும்பையே உடைத்தார். அலி 12 சுற்றும் நின்றார். தாடை நுனியில் குத்து பட்டால் தலை சடாரென்று திரும்புகிறது, உள்ளே மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இழுபடுகிறது. அப்போதுதான் ஆள் விழுகிறார். கழுத்தை வலுவாக்கலாம், தாடையைத் தாழ்த்தி வைத்துப் பழகலாம். மிச்சம் பிறவியில் வருவது. ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) தலைக்குக் குத்து வாங்கினால் தாடை இறுகும் என்பது சுத்தப் பொய்.

கேள்வி: 1980-இல் சென்னையில் அலியை நேரில் பார்த்தவர் என் தாத்தா. அலிதான் உலகிலேயே நன்றாகக் குத்து வாங்கியவர் என்பார். சரியா?

பதில்: ஹெவிவெயிட் சாம்பியன்களில் என் ஓட்டும் அவருக்குத்தான். உங்கள் தாத்தா பார்த்தது ஜிம்மி எல்லிஸுடன் நடந்த காட்சிப் போட்டி, அங்கே தாடைக்கு வேலையே இல்லை. உண்மையான சண்டைகளில் அவரைத் தரைக்கு அனுப்பியவர்கள் பாங்ஸ், கூப்பர், ஃபிரேசியர், வெப்னர். இதில் வெப்னர் காலை மிதித்ததால்தான் விழுந்தேன் என்றார் அலி. 1971-இல் 15-ஆம் சுற்றில் ஃபிரேசியரின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) பட்டவர் சில நொடிகளில் எழுந்து நின்றதை இன்று பார்த்தாலும் நம்ப முடியாது.

ஆனால் அந்தத் திறமையே அவருக்கு வினையானது. 1967-க்கு முந்தைய அலி குத்துக்குச் சிக்கவே மாட்டார். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக விதிக்கப்பட்ட தடைக்குப் பிறகு கால் வேகம் குறைந்ததும், வாங்கிக்கொண்டே ஜெயிக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். 1974-இல் கின்ஷாசாவில் ஃபோர்மன், 1975-இல் மணிலாவில் ஃபிரேசியர், 1977-இல் ஷேவர்ஸ். ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு, ஓய்வு பெறச் சொல்லியும் கேட்காததால், அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ விலகிப் போனார். சென்னைக்கு வந்த அதே 1980-இன் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் 10 சுற்று வாங்கினார். ஒருமுறைகூட விழவில்லை, மூலையில் இருந்த அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீதான் நிறுத்தினார். 1984-இல் பார்க்கின்சன் அறிகுறிகள் உறுதியாயின. கொஞ்சம் தாடை குறைந்தவராக இருந்திருந்தால் அவர் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: எடை வித்தியாசம் பார்க்காமல் ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லர். 67 சண்டை, நாக்-அவுட் தோல்வி ஒன்றுகூடக் கிடையாது. 1984-இல் ரோல்டன் தள்ளியதாகப் பதிவாகியிருக்கும் ஒரே நாக்டவுன்கூட வழுக்கல்தான் என்று அவர் சொன்னார்; படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. 1985-இல் ஹியர்ன்ஸின் வலது கையை முதல் சுற்றிலேயே முழுசாக வாங்கினார். உடைந்தது ஹியர்ன்ஸின் கை.