மழைக்கு அடுத்தநாள் பேசாத உழவு மெசின்

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் எனது நாலுசில்லு உழவு மெசினின் திறப்பைத் திருகினால் சத்தமே இல்லை. வெயில் ஏறியபின் ஸ்டார்ட் ஆகிறது. லைற் சுவிச்சுக்குள்ளும் செம்மண் இறுகிவிட்டது. கராஜில் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், புத்தூர்

பதில்: வயரிங்கில் கைவைக்க விடாதீர்கள். வெயிலுக்கு மெசின் எழும்புகிறதென்றால் பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பிலோ சுவிச்சிலோ ஈரமும் களிம்பும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் திறப்புத் துவாரத்தால் போவதைவிட, வயரைப் பிடித்து வழிந்து சுவிச்சின் பின்பக்கத்தால் போவதே அதிகம். டாஷ்போர்டுக்குக் கீழே பாருங்கள். வயர் மேலிருந்து நேரே சுவிச்சுக்கு இறங்கினால், அதைக் கொஞ்சம் தாழத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிக் கட்டுங்கள். துளி வளைவின் அடியில் சொட்டிவிடும்.

அடுத்தது துப்புரவு. முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். செம்மண்ணை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சேறாகி இடுக்குக்குள் இறங்கும். காய்ந்தபடியே பிரஷால் தட்டுங்கள். சுவிச்சின் பின்னாலுள்ள சொக்கற்றை இழுத்தால் முனைகளில் பச்சைக் களிம்பு தெரியும். உப்புக்காற்று அடிக்கிற குடாநாட்டில் அது வராவிட்டால்தான் அதிசயம். கொன்ராக்ற் கிளீனர் (மின் முனைகளைத் துப்புரவாக்குகிற ஸ்பிரே) அடித்துத் தேய்த்து, காய்ந்தபின் மின் இணைப்புக்கென்று விற்கிற சிலிக்கன் கிறீஸை மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள். சுவிச்சுக்குள்ளே பொறி பறக்கிற இடத்தில் அதைப் பூசவே கூடாது. சூட்டில் மின்சாரம் போகாத படலமாகிவிடும்.

சேவிஸ் நிலையத்தில் டாஷ்போர்டுப் பக்கம் பிரஷரில் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். இரவில் பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். கொட்டிலுக்குள் விட்டாலே போதும். இடுக்குகளைச் சிலிக்கன் கம்மால் அடைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணந்தால் அது செம்பை அரிக்கிற கம்.

இனி, புதுச் சுவிச் விற்கிறவர்கள் சொல்கிற 'ஒறிஜினல்' கதை. பெட்டியில் ஐபி 67 என்று, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறி போட்டிருக்கும். 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். பல சுவிச்சுகளில் அது முன்முகத்துக்கு மட்டும்தான், பின்பக்கம் திறந்தே கிடக்கும். பெட்டியில் எதை அச்சடித்தாலும் கேட்க ஆளில்லாத நாடு இது. சுவிச்சை மாற்றச் சொல்கிறவரே கடையையும் காட்டினால், கொமிசன் எங்கே போகிறதென்று நான் சொல்லத் தேவையில்லை. விவசாயிகளுக்கு வைக்கிற பயிற்சிகளிலும் ஒயில் மாற்றக் காட்டுவார்கள். ஒரு சுவிச்சைக் கழற்றிக் காட்டுவார்களா?

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பல மெசின்களில் கிளச் பெடலடியிலோ கியர்ப் பெட்டியிலோ ஒரு பாதுகாப்புச் சுவிச் இருக்கும். கிளச்சை மிதிக்காமல், அல்லது கியர் நியூற்றலில் இல்லாமல், ஸ்டார்ட் ஆக விடாமல் தடுப்பது அதுதான். சேற்றுழவில் முதலில் நனைவதும் அதுவே. உங்கள் மெசின் பேசாமல் நிற்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். கராஜில் உடனே அந்தச் சுவிச்சைத் தவிர்த்து ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்து 'சரி அண்ணை' என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு நிலத்தில் நின்றபடி திறப்பைத் திருகுவீர்கள், மெசின் கியரில் கிடக்கும், பாய்ந்து உங்கள் மேலேயே ஏறும். அவசரம், நாளை உழவு என்றாலும் அந்த வயரைப் போட விடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். துடைத்தும் வேலை செய்யாவிட்டால் அந்தச் சுவிச் ஒன்றை மட்டும் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.