14 ஆண்டுகளுக்குப் பின் இரத்தம்

கேள்வி: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக என் தாயாருக்கு 14 ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள். இப்போது சிறுநீரில் இரத்தம் வருகிறது. நோய் திரும்பிவிட்டதா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, இந்நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில்தான். கதிர்பட்ட சிறுநீர்ப்பையின் நாட்பட்ட அழற்சியாலோ தொற்றாலோ இரத்தம் வரலாம். ஆயினும் சிறுநீர்ப்பை, மலக்குடல் போன்ற அண்டை உறுப்புகளில் 10 ஆண்டுகள் கடந்தும் புதிய புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு, சிறிதே எனினும், உண்டு என்பதால், உடற்சூடு என்று இளநீர் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். பாலக்காடோ கோயம்புத்தூரோ, இந்த வாரமே சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) காட்டி, சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) தேவையா எனக் கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். கதிர்பட்ட திசு எளிதில் ஆறாது என்பதால், சோதனைக்காகச் சதைத்துணுக்கு எடுக்குமுன் மருத்துவர் அந்தப் பழைய சிகிச்சையைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.