தனிநிலைச் சார்பு, தொடர்ச்சியான சார்பு இரண்டையும் வரைபடத்தைப் பார்த்து எப்படிப் பிரித்தறிவது?

கேட்டிருப்பவர் பதினொன்றாம் வகுப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பெற்றோர். இரண்டாவது என்றால் நீங்கள் நம்ம ஆள்.

கோட்டைப் பார்க்கும் முன் எக்ஸ் அச்சைப் பாருங்கள். அங்கே இரண்டு மதிப்புகளுக்கு நடுவில் இன்னொன்றுக்கு இடம் உண்டா? பத்து ரூபாய் டிக்கெட் மூன்று வாங்கினால் 30, நான்கு வாங்கினால் 40. மூன்றரை டிக்கெட் கிடையாது. அதனால் தனித்தனிப் புள்ளிகள்தான், இணைக்கக் கூடாது; இதுதான் தனிநிலைச் சார்பு. அதே பத்து மடங்குச் சார்பை எல்லா மெய்யெண்களுக்கும் வரையச் சொன்னால் தாராளமாக ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள்; இது தொடர்ச்சியான சார்பு. விதி ஒன்றுதான், மதிப்பகம் (எக்ஸுக்கு வரக்கூடிய மதிப்புகளின் தொகுப்பு) வேறு.

இந்த டிக்கெட் கணக்கைச் சரியாகப் புள்ளியாகவே விட்டுவந்த என் மகளுக்கு டியூஷன் டெஸ்டில் ஒரு மார்க் போனது. 'வரைபடம் முழுமையில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். நேரில் போய், "மூன்றரை டிக்கெட் யார் சார் வாங்குவாங்க?" என்று கேட்டேன். "ஆன்சர் கீயில கோடு இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான் பதில். ஒரு மார்க்குக்குச் சண்டை போடுகிற அப்பா என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இவர்களிடம்தான் கிராஃப் நோட்டும் வாங்கியாக வேண்டும், கடையைவிட விலை கூட, வாங்கியதில் பாதி எழுதாமலே கிடக்கிறது. சரி, அது வேறு கதை.

அப்புறம், கோடு நடுவில் அறுந்திருந்தாலே தனிநிலை என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தையே எடுங்கள். 2022 செப்டம்பரில் இருந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய், 501 என்றால் 1,958. காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய் விலை போய் அதற்கும் 4.50 ஆகிவிடுகிறது. மீட்டர் எல்லா மதிப்புகளையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது, கட்டணம்தான் 500-இல் 225 ரூபாய் குதிக்கிறது (மீதி 8 ரூபாய் அந்த 501-ஆவது யூனிட்டின் விலை). இது தொடர்ச்சியற்ற சார்பு, தனிநிலைச் சார்பு அல்ல. இலவச 100 யூனிட் முடிகிற இடத்திலோ கோடு மடங்கும், அறுபடாது.

பில்லில் முழு யூனிட்தானே வருகிறது என்று கமென்டில் வருபவர்களுக்கு: ஆமாம், பில்லுக்குப் புள்ளி, மீட்டருக்குக் கோடு. எப்சிலான்-டெல்டாப்படி, அதாவது தொடர்ச்சிக்குக் கணிதம் தரும் கறாரான வரையறைப்படி பார்த்தால் தனியாக நிற்கும் புள்ளியிலும் சார்பு தொடர்ச்சியானதுதான் என்பது எனக்கும் தெரியும். கேட்டவருக்குப் பரீட்சை முடியட்டும், பேசலாம்.