நுண்ணுயிரியல் படித்த பெண்ணுக்கு எரிவாயு நிலையத்தில் என்ன வேலை?

உயிரி எரிவாயுச் சுத்திகரிப்பில், அதாவது சாணமும் கழிவும் அழுகி வரும் எரிவாயுவைச் சுத்தம் செய்வதில், மேற்படிப்புக்குப் போக மகள் ஆசைப்படுகிறாள், "இந்த நாற்றத்தில் போய் நிற்கவா இவ்வளவு படித்தாள்?" என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அந்த நாற்றத்தில்தான் அவளுக்கான வேலை இருக்கிறது, அம்மா.

அழுகிய முட்டையைப் போல நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. சுத்திகரிக்காத வாயுவில் அது பத்து லட்சத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பங்குதான் இருக்கும். ஆனாலும் ஈரத்தோடு சேர்ந்து குழாயை அரிக்கும்; செம்புக் கம்பியைக் கறுக்க வைக்கும்; எஞ்சினில் எரிந்த பிறகு அமிலமாகி மசகு எண்ணெயைக் கெடுக்கும்.

தயோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கோ அதுதான் சாப்பாடு. பிளாஸ்டிக் வளையங்கள் நிரப்பிய கோபுரத்தில் மேலிருந்து ஊட்டநீர் சொட்ட, வாயு அதனூடே செல்லும். நாளடைவில் வளையங்களின் மேல் வழவழவென்று ஒரு படலம் வளர்ந்து, அதில் வெளிர்மஞ்சளாகக் கந்தகம் படியும். ஆக்சிஜன் குறைவாகக் கிடைத்தால் கந்தகம் சேர்ந்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். தாராளமாகக் கிடைத்தால் கந்தக அமிலம் உண்டாகும். அதற்காகக் காற்றைத் தாறுமாறாக விடவும் முடியாது. இந்த எரிவாயுவில் எரியும் பகுதியான மீத்தேன், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். காற்றின் சரியான அளவைப் பிடித்துக்கொடுக்க நுண்ணுயிரும் தெரிய வேண்டும், பம்பும் தெரிய வேண்டும்.

ஆகவே நுண்ணுயிரியல் மட்டும் போதாது. வேதிப் பொறியியலின் அடிப்படை, வாயுப் பகுப்பாய்வுக் கருவிகள், அளவீட்டுக் கட்டுப்பாடு ஆகியவற்றை அவள் சேர்த்துப் படிக்கட்டும். "பாக்டீரியா நிபுணர் தேவை" என்று விளம்பரம் வருமெனக் காத்திருக்க வேண்டாம். நிலைய இயக்கம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கருவி வடிவமைப்பு என்ற பெயர்களில்தான் இந்த வேலை வரும். தொடக்கத்தில் இரவுப்பணியும் இருக்கலாம்.

நாற்றத்தைவிட, நாற்றம் தெரியாமல் போவதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். இந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். உடையில் மாட்டிக்கொள்ளும் எச்சரிக்கைக் கருவியைத் தராத இடத்தில் அவள் ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் ஓடிக்கொண்டிருக்கும் கோபுரம் ஒன்று இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இருந்தால், இன்று காலை அதன் நீரில் அமிலத்தன்மை எவ்வளவு, நேற்றைக்கும் இன்றைக்கும் ஏன் மாறியது என்று அங்குள்ள மாணவர்களிடம் மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.