பன்னிரண்டாவது எபிசோடுக்குப் பிறகு

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. திருச்சியில் வேலை. என் துணையோடு 11 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவனும் ஆண்தான். வீட்டுக்காரருக்கு நாங்கள் ‘பேச்சிலர் பசங்க’. ஒன்றரை வருஷமாக அவன் தாய்லாந்தின் ஆண்-ஆண் காதல் சீரிஸ்களிலேயே விழுந்து கிடக்கிறான். ராத்திரி இரண்டு மணி வரை காதில் இயர்போன். போன வாரம் ஏதோ ஒரு காட்சியைக் காட்டி, “நீ என்னை ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கியா?” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் வருபவர்களுக்கு இருபது வயது, வாடகை கிடையாது, சிலிண்டர் தீராது. போன வருஷம் அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது ராத்திரி முழுக்க நின்றவன் நான். படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் ‘சித்தப்பா மகன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதெல்லாம் எந்த சீரிஸில் வருகிறது? இதைப் பார்க்காதே என்று சொல்வது தப்பா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் நின்றது ‘சித்தப்பா மகன்’ என்ற இடத்தில். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கோபத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் ‘லவ் சிக்’, 2016இல் ‘சோட்டஸ்’ என்று தொடங்கி இன்று வரை வந்த தாய் சீரிஸ்களில் பெரும்பாலானவை காதலின் வாசற்படியிலேயே நிற்பவை. பள்ளிக்கூடம், இல்லையென்றால் கல்லூரி. சீனியர், ஜூனியர். முறைப்பு, மழை, காய்ச்சல், முத்தம். பன்னிரண்டாவது எபிசோடில் சேர்ந்துவிடுவார்கள், கதை முடிந்துவிடும். உங்கள் வீட்டுக் கதை தொடங்குவதே அங்கேதான்.

இதற்குத் தொழில்ரீதியான காரணம் உண்டு. அங்கே ஒரு சீரிஸ் என்பது கதை மட்டும் இல்லை, ஒரு நடிகர் ஜோடியும்கூட. ‘கூ ஜின்’ என்பார்கள், ரசிகர்கள் மனதில் சேர்த்து வைத்த ஜோடி. அந்த ஜோடிக்கு ரசிகர் சந்திப்பு, விளம்பரம், அடுத்த சீரிஸ். அடுத்ததில் அதே இருவரும் வேறு பெயர்களில் மறுபடி முதல்முதலாகச் சந்திப்பார்கள். திரும்பத் திரும்ப விற்கக்கூடியது முதல் சந்திப்புதான். பதினோராவது வருஷத்தில் கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மின்கட்டணம் பற்றிப் பேசும் இரண்டு பேரை வைத்து முகக்கிரீம் விற்பது கஷ்டம்.

ஆனாலும் தம்பி, எல்லாமே அப்படி இல்லை. நீங்கள் அவரோடு உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

2019இல் வந்த ‘டார்க் ப்ளூ கிஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பீட், காவ் என்ற இருவரின் கதை. அதற்கு முந்தைய சீரிஸிலேயே சேர்ந்துவிட்டவர்கள். ஆக, இதில் காதலைச் சொல்லும் சஸ்பென்ஸ் கிடையாது. பீட்டின் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், மகனோடு தோழனைப் போலப் பழகுகிறார். காவின் அம்மாவுக்குத் தெரியாது. அந்த வீட்டில் பீட் வெறும் ‘ஃப்ரெண்ட்’. சீரிஸ் முழுக்க ஓடுவது இந்த ஏற்றத்தாழ்வுதான். ஒருவருக்கு வீட்டில் முழு இடம் இருக்கிறது, இன்னொருவர் தன் வீட்டிலேயே எதைச் சொல்வது, எதை விடுவது என்று அளந்து பேசுகிறார். பீட்டுக்குப் பொறாமை, கோபம், அவசரம். கையைப் பிடிக்கக்கூட யோசிக்கிறாயே என்ற ஆதங்கம். காவுக்கோ அம்மா மனசு நொந்துவிடுமே என்ற பயம். அன்பு குறைந்ததால் வரும் சண்டை இல்லை இது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு வெளியே வேறு கணக்கு சொல்ல வேண்டியிருக்கும் எல்லா ஜோடிக்கும் வரும் சண்டை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை இயக்கியவர் நொப்பனத் சைவிமோன். ஆஃப் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். 2021 கடைசியில் தொடங்கிய ‘பேட் படி’யும் அவர் இயக்கியதுதான். அடுத்தடுத்த வீடு, இரண்டு குடும்பத்துக்கும் தீராத பகை, இரண்டு வீட்டுப் பையன்களும் காதலிக்கிறார்கள். இப்படி ஒரு கதையில் கடைசியில் இரண்டு அப்பாக்களும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி நடக்கவில்லை. சில வருஷம் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த இருவரில் ஒருவனான பிரான் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறான். வீட்டாரைப் பொறுத்தவரை இருவரும் எப்போதோ பிரிந்துவிட்டார்கள். உண்மையில் பிரியவே இல்லை. பெற்றவர்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். அவர்கள் கேட்பதில்லை, இவர்கள் சொல்வதில்லை. இப்படி வாழும் எத்தனை பேரை நமக்கே தெரியும்! பொங்கலுக்குத் தனித்தனி பஸ்ஸில் ஊருக்குப் போய், தனித்தனியாகத் திரும்பி, ஒரே வீட்டுக்கு வந்து சேர்பவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று ஊகிக்கிறேன்.

மூன்றாவதாக 2023இன் ‘மூன்லைட் சிக்கன்’. எட்டே எபிசோட். எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். கதை நடப்பது பட்டாயாவில். ஜிம் ராத்திரியில் காவ் மன் காய் கடை நடத்துகிறான். கோழி வேகவைத்த நீரில் வெந்த சோறு, மேலே கோழித் துண்டுகள், அவ்வளவுதான் காவ் மன் காய். கடன் இருக்கிறது, சகோதரியின் மகனை வளர்க்கும் பொறுப்பு இருக்கிறது, பழைய உறவில் பட்ட காயம் இருக்கிறது. இன்னொருவனை நம்பத் தெம்பு இல்லை. அவனைத் தேடி வரும் வென் யார் தெரியுமா? ஆலன் என்பவனோடு பல காலம் வாழ்ந்து முறித்துக்கொண்டவன். முறித்துக்கொண்ட பிறகும் ஆலனோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறான். மனதளவில் முடிந்துபோன உறவு, பொருளளவில் முடியவில்லை. ஒரே சாவி, ஒரே கதவு. வேறு சீரிஸாக இருந்தால் ஆலனை வில்லன் ஆக்கியிருப்பார்கள். இதில் அவன் தோற்றுப்போன ஒரு மனிதன், அவ்வளவுதான். எங்கே தவறவிட்டோம் என்று தெரியாமல் நிற்பவன். ஒரு நீண்ட உறவு எப்படிச் சத்தமில்லாமல் தேய்கிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் வைத்துக் காட்டிய தாய் சீரிஸ் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறு 2020இல் வந்த ‘தார்ன்டைப்’ இரண்டாம் பாகம். ஏழு வருஷக் காதல் என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டது. ஒருவன் கல்யாணம் என்கிறான், மற்றவன் தயங்குகிறான். நல்ல முடிச்சு. ஆனால் அதை விட்டுவிட்டு மூன்றாவது ஆளை உள்ளே கொண்டுவந்து பொறாமையைக் கிளறுகிறார்கள். ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பேசித் தீர்க்க அவர்களுக்குள்ளேயே எவ்வளவோ இருக்குமே.

ஒரு சின்ன விஷயம் சொல்லட்டுமா? தாய் மொழியில் நலம் விசாரிப்பதே “கின் காவ் ரூ யாங்?” என்றுதான். சோறு தின்றாயா இல்லையா என்று அர்த்தம். நம்ம ஊர் ‘சாப்டியா?’ அச்சாக அதுவேதான். உங்கள் ஆள் இரண்டு மணி வரை விழித்திருந்து கேட்பது முத்தக் காட்சியை மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் எல்லார் முன்னாலும் ‘சாப்டியா’ என்று கேட்பதை. “இவன் என் ஃபேன்” என்று சொல்வதை. (காதலன், காதலி, கணவன், மனைவி யாரையும் அங்கே அந்த ஒரே சொல்லால் சொல்லலாம்.) 11 வருஷமாக உங்கள் வீட்டுச் சமையலறையில் தினமும் கேட்கும் கேள்வி அது. ஆனால் நாலு சுவருக்குள் மட்டும்.

அதனால் பார்க்காதே என்று சொல்லாதீர்கள். “நீ ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கியா” என்று அவர் கேட்டது உங்களைக் குறை சொல்ல அல்ல என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். என் கணவருக்கும் எனக்கும் 28 வருஷம் ஆகிறது. ரசத்தைக் கலக்காமல் தெளிவாக மேலாக எடுத்து எனக்கு ஊற்றிவிட்டு, அடியில் இருக்கும் வண்டலைத் தனக்குப் போட்டுக்கொள்வார். அது எனக்காக என்று புரியவே எனக்குப் பத்து வருஷம் ஆனது, அவராகச் சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நின்ற அந்த ராத்திரி எப்படி இருந்தது என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களா? எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை இயர்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு இருவருமாக ‘மூன்லைட் சிக்கன்’ பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலோடு கிடைக்கும்.

இப்போது ‘சித்தப்பா மகன்’. அந்தப் பொய்யைத் தாய்லாந்திலும் அண்மைக்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து, சொத்து, சேர்ந்து வாங்கும் கடன் எதிலும் சட்டப்படி அங்கே ஒரே பால் ஜோடிகள் அப்போது ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. சீரிஸ்களில் மோதிரம் மாற்றிக்கொண்டதோடு கதை நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். மோதிரத்துக்குப் பிறகு போட ஒரு கையெழுத்து இல்லை. 2024 ஜூன் 18 அன்று அந்நாட்டு செனட், ஒரே பாலினத்தவரும் மணந்துகொள்ள வழிசெய்யும் சமத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தென்கிழக்காசியாவில் முதல் நாடு அதுதான். இனி எழுதும் கதாசிரியர்களுக்குப் பதினோராவது வருஷத்தைத் தொடவும் தைரியம் வரும் என்று நம்புகிறேன்.

நமக்கு அந்தச் சட்டம் இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் கையில் இருப்பதை விடாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இரண்டு சாட்சிகளோடு ஆளுக்கொரு உயிலும் எழுதி வையுங்கள். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை, செய்தால் பலம்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு இருவருமாக வங்கிக்குப் போங்கள். நாமினி படிவத்திலும் உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதலாம் என்று போகும் வழியில் அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா