மகளின் தாய்வழி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது

கேள்வி: அப்பா வழியில் ஏழு தலைமுறைப் பெயர்கள் என்னிடம் உண்டு. அம்மா வழி பாட்டியோடு நின்றுவிடுகிறது. அம்மாவும் இப்போது இல்லை. என் மகளுக்கு அவளுடைய தாய்வழியைச் சொல்லிவைக்க மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா? (என் மனைவியின் அம்மா எங்களோடு இருக்கிறார். ஓயாமல் பழங்கதை பேசுவார். அவரைச் சமாளிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.)

பதில்: சோதனை கிடக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே, அந்த மாமியாரைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் தேடுவது உங்கள் தாய்வழி. உங்கள் மகளுக்கு அது அப்பாவைப் பெற்றவரின் வழி. அவளுடைய தாய்வழி உங்கள் மனைவி, மனைவியின் அம்மா, அவருடைய அம்மா என்று போகிறது. அந்த வழியின் மூத்தவர் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்களோ பணம் கட்டி வெளியில் தேடக் கிளம்புகிறீர்கள்! ஏழு தலைமுறை ஆண்களை எழுதிவைத்த உங்களுக்கு அவர்களைப் பெற்றவர்கள் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. பெண்களின் பெயர்கள் இப்படித்தான் தொலைகின்றன. வீட்டுப் பெரியவரின் பேச்சுக்குக் காது கொடுப்பது கடமை. மருமகனுக்கும் அது உண்டு.

தாய்வழியை அறியும் சோதனை பார்ப்பது மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வை, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பில் இருக்கும் மரபணுவை. அது தாயிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வருகிறது. உங்கள் அம்மா கொடுத்தது உங்களோடு நின்றுவிடும். மகளிடம் இருப்பது மாமியார் வழி வந்தது. சோதனை ஒரு மரபுப் பிரிவைச் சொல்லும், அதாவது பழங்கால மூதாய் ஒருத்தியின் வழி வந்த பெருங்கூட்டத்தைச் சொல்லும். பாட்டியின் பெயரைச் சொல்லாது. 1485-இல் போரில் இறந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. அது அவருடையதுதான் என்று சொல்லத் தாய்வழி மரபணு உதவியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே? அவருடைய அக்கா ஆன் என்பவரின் பெண்வழி வாரிசுகளைப் பழைய ஆவணங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பிடித்த பிறகுதான் அது நடந்தது.

உங்கள் பாட்டியின் அம்மாவையும் அப்படித்தான் தேட வேண்டும். பாட்டியின் பெயரில் எதுவும் கிடைக்காவிட்டால் அவருடன் பிறந்தவர்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் பாருங்கள். அதே தாயின் பெயர் அங்கே இருக்கலாம். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் விடாதீர்கள். அம்மாவின் சித்தி, பெரியம்மா மக்கள் யாராவது இருந்தால் நேரில் போங்கள்.

அதற்கு முன், இன்று சாயங்காலமே மாமியார் பக்கத்தில் மகளோடு உட்காருங்கள். “அத்தை, உங்க அம்மாவைப் பெத்தவங்க பேரென்ன?” என்று நீங்களே கேளுங்கள். மகள் எழுதிக்கொள்ளட்டும். பேச்சு எங்கெங்கோ போகும், போகட்டும். யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அந்தச் சுற்றுப்பேச்சில்தான் வந்து விழும். குழப்பமாக இருப்பதைக் குறித்துவைத்து மறுநாள் கேளுங்கள். அவர் களைத்துப்போனால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.