நடுச்சுவரில் நிற்கும் புகைபோக்கி: இடிக்க யாரிடம் கேட்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரு காக்ஸ் டவுனில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. 1988-ல் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நடுச்சுவரில் உள்ள செங்கல் புகைபோக்கி இரண்டு சமையலறைக்கும் பொது. விறகடுப்பு போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்குகிறது, லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. இடிக்கலாம் என்றால் பெரியப்பா மகன் கேஸ் போடுவேன் என்கிறார். மாநகராட்சி அனுமதி வாங்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்த அனுமதி உங்களுக்கும் மாநகராட்சிக்கும் நடுவில் உள்ள சமாசாரம், சுவர் யாருடையது என்பதை அங்கே தீர்மானிக்க மாட்டார்கள். சீல் வைத்த பேப்பர் கையில் இருக்கிறதே என்று ஆளைவிட்டு இடிக்க ஆரம்பித்து, மறுநாளே பங்காளி கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி வந்து நிற்பது இந்த ஊரில் புதிதல்ல.

முதலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். கையில் இல்லையென்றால், அது பதிவான பத்திரமாக இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். சொத்து விவரத்தில் எல்லைகள் எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். ‘பொதுச் சுவர்’ என்று இருந்தால் சுவரும் அதன் மேல் நிற்பதும் இருவருக்கும் பாத்தியம், அவர் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது, நாற்பது வருஷம் அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலும் சரி. உபயோகிக்கவில்லை என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது.

சுவர் முழுக்க உங்கள் பாகத்தில் வருகிறது என்றால் கதை வேறு. அப்போது அவருக்கு இருக்கக்கூடியது உங்கள் சுவர் வழியாகப் புகை விடும் ஈஸ்மென்ட் உரிமை (அடுத்தவர் சொத்தைக் குறிப்பிட்ட ஒரு விதத்தில் பயன்படுத்தும் உரிமை) மட்டும்தான். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 13-வது பிரிவு, பாகம் பிரிக்கும்போது ஒரு பங்கை அனுபவிக்கத் தேவையான இப்படிப்பட்ட உரிமைகள் கூடவே வரும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 47-வது பிரிவு, தொடர்ந்து 20 வருஷம் அனுபவிக்காமல் விட்டால் அந்த உரிமை அற்றுப்போகும் என்றும் சொல்கிறது. அது இல்லாமல் முடியவே முடியாது என்ற வகை உரிமைக்கு இதில் விலக்கு உண்டு, கேஸ் அடுப்பு வைத்திருப்பவர் அப்படி வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அவர் வீட்டில் கேஸ் கனெக்‌ஷன் எப்போது வந்தது என்பதற்கு ஏதாவது பேப்பர் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றை நேரில் பாருங்கள். அவர் பக்கத்துத் துவாரம் செங்கல் வைத்து அடைத்திருக்கிறதா, இல்லை கேஸ் கீசர் குழாயையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ அதில் நுழைத்திருக்கிறாரா? நுழைத்திருந்தால் ‘20 வருஷமாக உபயோகமில்லை’ என்ற உங்கள் வாதம் ஆட்டம் காணும். அதைவிட முக்கியம், அது தெரியாமல் மேலே அடைத்துவிட்டால் கீசரின் கார்பன் மோனாக்சைடு அவர் குளியலறைக்குள்ளேயே தங்கும், ஆள் செத்துப்போவார். அப்புறம் சிவில் கேஸ் பற்றியெல்லாம் பேச முடியாது.

மாநகராட்சி விஷயம் இதைவிடச் சின்னது. கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இறக்கி ஓடு போட்டு மூடுவது, கட்டடத்தின் அளவோ அறைகளின் அளவோ மாறாத வரை, பொதுவாக அவசியப் பழுதுபார்ப்பில்தான் சேரும். அறைக்குள் புடைத்து நிற்கும் பகுதியையும் உடைத்து இடம் பிடிக்கலாம் என்று நினைத்தால் அது கட்டட மாற்றம், வரைபடத்தோடு அனுமதி கேட்க வேண்டும். பழைய வீடுகளில் கூரை உத்தரம் அந்தப் புடைப்பின் மேலேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு, ஆகவே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். எதுவானாலும் வேலைக்கு முன் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பிபிஎம்பி என்ற பழைய பெங்களூரு மாநகராட்சி இல்லை, ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள், உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துக் கொடுங்கள். சாய்ந்திருப்பதைப் போட்டோவோடு எழுதுங்கள். ஆபத்தான கட்டுமானம் என்று அவர்களே நோட்டீஸ் விட்டால் பங்காளியின் வாய் பாதி அடையும்.

அவர் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், யார் செலவு, மூடியபின் ஒழுகினால் யார் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சம்மதிக்கவில்லை, பத்திரம் உங்கள் பக்கம் என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் சிட்டி சிவில் கோர்ட்டில் கேவியட் போடுங்கள். அது 90 நாள் வரை செல்லுபடியாகும், அதற்குள் அவர் தடை கேட்டால் உங்களுக்குத் தகவல் சொல்லாமல் உத்தரவு வராது. பத்திரம் ‘பொதுச் சுவர்’ என்று சொல்லி அவரும் பிடிவாதமாக இருந்தால், நீங்கள்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

இடிக்கும்போது கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுத்து, சாரம் கட்டி, மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பில்லாமல் இடித்து உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 290-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடிபாட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள், உங்கள் பங்காளி முதலில் போட்டோ எடுப்பது அதைத்தான்.